வியட்நாமா, கியூபாவா, சீனாவா: கம்யூனிஸ்ட் நாட்டுக்குச் சுற்றுலா போகுமுன்

கம்யூனிஸ்ட் மரபில் வந்த ஒரே கட்சியின் ஆட்சியில் இன்று ஐந்து நாடுகள் இருக்கின்றன: சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா, வட கொரியா. விடுமுறைக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கு வழக்கமாக இரண்டு தயக்கங்கள். "நாம போனா அந்த அரசாங்கத்துக்குக் காசு கொடுத்த மாதிரி ஆயிடாதா?" என்பது ஒன்று. "கார்டு வேலை செய்யுமா, வாட்ஸ்அப் வருமா, ஏதாவது ஆனா யார் கேப்பாங்க?" என்பது மற்றது.

முதலாவது மனசாட்சி விஷயம், இரண்டாவது மூட்டை கட்டும் விஷயம் என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன என்று தோன்றுகிறது. அறையையும் சாப்பாட்டையும் வண்டியையும் நீங்களே தேட முடிகிற நாட்டில் அலைச்சல் கொஞ்சம் அதிகம். ஆனால் பணம் ஆட்களின் கைக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் முடித்துத் தருகிற நாட்டில் சுகமாக இருக்கலாம். பணம் மேலே போய்விடும்.

போவதே தப்பா என்ற கேள்விக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு, அது கம்யூனிஸ்ட் நாடு அல்ல. மியன்மாரின் ராணுவ ஆட்சி 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது, வராதீர்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூ கீ உலகப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார். 2010-இல் அவருடைய கட்சியே அந்த நிலையைத் தளர்த்தியது: கூட்டமாகப் பேக்கேஜில் வராதீர்கள், தனியாக வந்து மக்களோடு பழகுகிறவர்கள் வரலாம் என்றது. புறக்கணிப்பில் அரசோடு சேர்ந்து டீக்கடைக்காரரும் அடிவாங்குகிறார் என்பதை அவர்கள் பதினைந்து வருடம் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. தேர்தல் இல்லாத, எதிர்ப்பாளர்களைச் சிறையில் போடுகிற எத்தனையோ முடியாட்சிகளுக்கு நாம் ஒரு கேள்வியும் கேட்காமல் டிக்கெட் போடுகிறோம். கொடியில் அரிவாள் சுத்தியல் இருந்தால் மட்டும் மனசாட்சி விழித்துக்கொள்கிறது என்றால், அது மனசாட்சிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்கள் போதும்.

பணம் யார் கைக்குப் போகிறது. ஓட்டல் யாருடையது, டாக்ஸி யாருடையது, வேலை செய்கிறவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்.

ஏதாவது ஆனால் யார் தலையில் விழும். இதைத்தான் அதிகம் பேர் யோசிப்பதில்லை. நீங்கள் கேட்ட ஒரு அரசியல் கேள்விக்கு உங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பதில் சொன்ன கைடுக்கு உரிமம் போகலாம், வீட்டுக்கு போலீஸ் வரலாம். நீங்கள் ஊர் திரும்பி, அவர் முகத்தோடு படம் போட்டு, "மக்கள் மனதில் என்ன இருக்கிறது" என்று எழுதினால் விலை கொடுப்பவர் அவர்.

தனியாக நடமாட முடியுமா. நினைத்த தெருவில் திரும்ப முடியாத இடத்தில் நீங்கள் பார்ப்பது காட்டப்படுவதை மட்டுமே.

கண்ணுக்குத் தெரியாத செலவு. காப்பீடு, நாணய மாற்று, இணையம், அப்புறம் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு பின்னால் வரும் தொல்லைகள்.

| | கியூபா | வியட்நாம் | சீனா | லாவோஸ் | வட கொரியா |
|---|---|---|---|---|---|
| பணம் யாருக்கு | தங்குமிடத்தைப் பொறுத்து முழுக்க மாறும் | பெரும்பாலும் தனியாருக்கு | கலவை | சிறு விடுதிகள் தனியார். ரயில், அணைகள் அரசும் சீனாவும் | முழுக்க அரசுக்கு |
| உள்ளூர்க்காரருக்கு ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | ஷின்ஜியாங், திபெத்தில் மிக அதிகம் | பேச்சு விஷயத்தில் அதிகம் | மிக அதிகம் |
| தனி நடமாட்டம் | உண்டு | உண்டு | உண்டு. திபெத்தில் இல்லை | உண்டு | இல்லை |
| மறைமுகச் செலவு | ரொக்கம், மின்வெட்டு, அமெரிக்க விசா | மோட்டார் சைக்கிள் காப்பீடு | இணையம், செயலிகள் | மருத்துவம் | அமெரிக்க விசா, உங்கள் சுதந்திரம் |
| யாருக்கு ஏற்றது | தயாரிப்போடு போகிறவருக்கு | முதல்முறைப் பயணிக்கு, குடும்பத்துக்கு | தானே சமாளிப்பவருக்கு | அவசரமில்லாதவருக்கு | யாருக்கும் சொல்ல மாட்டேன் |

## கியூபா

ஐந்தில் அதிகம் யோசிக்க வைக்கும் நாடு இதுதான். ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரே தொகையைச் செலவழிக்கும் இருவரின் பணம் முற்றிலும் வேறு வேறு இடத்துக்குப் போக முடியும்.

கியூபாவின் பெரிய ஓட்டல்கள் பலவும் காவியோட்டா என்ற நிறுவனத்தின் சொத்து. அது கயேசா எனப்படும் ராணுவ வணிகக் குழுமத்தைச் சேர்ந்தது. வாசலில் ஸ்பெயின் நாட்டு ஓட்டல் குழுமத்தின் பெயர்ப்பலகை இருக்கும். நடத்துவது அவர்கள், கட்டடம் ராணுவத்தினுடையது. அங்கே வேலை செய்பவர்களை அந்த வெளிநாட்டு நிறுவனம் பல ஆண்டுகளாக நேரடியாக எடுத்துவிட முடியவில்லை. அரசு முகமை வழியாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நிறுவனம் முகமைக்கு அந்நியச் செலாவணியில் கட்டும், முகமை தொழிலாளிக்குப் பெசோவில் சம்பளம் தரும். இடையில் நிற்பது அரசுக்கு. ஹவானாவில் 42 மாடியில் ஒரு புது ஓட்டல் கோபுரம் 2025-இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 அக்டோபரில், நாடு முழுக்க மின்கட்டமைப்பு விழுந்து லட்சக்கணக்கானோர் இருட்டில் கிடந்தார்கள். அதன் பிறகும் பலமுறை விழுந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எங்கே தங்கக்கூடாது என்பது புரிந்துவிடும்.

மாற்று வழி 'காசா பார்ட்டிகுலர்'. வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடும் இந்த முறை 1997 முதல் சட்டப்படி நடக்கிறது. வாசலில் தலைகீழ் நங்கூரம் மாதிரி நீல நிறச் சின்னம் இருந்தால் வெளிநாட்டவருக்கு அனுமதி உள்ள வீடு. வீட்டுக்காரர் அரசுக்கு வரி கட்டுகிறார்தான், ஆனாலும் பெரும்பங்கு அந்தக் குடும்பத்துக்கு. சாப்பிட 'பலடார்' எனப்படும் தனியார் உணவகங்கள். ஹவானா, திரினிதாத், வின்யாலெஸ் மூன்றையும் வீடுகளில் தங்கியே சுற்றி வரலாம். வரதேரோ கடற்கரையின் எல்லாம் அடங்கிய ரிசார்ட்தான் வேண்டும் என்றால், கியூபாவுக்குப் போகத் தேவையே இல்லை. அதே கடல், அதே மணல் கரீபியனில் வேறு இடங்களிலும் உண்டு.

ஆனால் வீட்டில் தங்குவதிலும் ஒரு உறுத்தல் இருக்கிறது. பயணிகள் தரும் டாலரும் யூரோவும் அரசுச் சம்பளத்தைவிடப் பல மடங்கு என்பதால், மருத்துவரும் ஆசிரியரும் வேலையை விட்டுவிட்டு அறை வாடகைக்கும் டாக்ஸிக்கும் வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள்தான் வீட்டைப் புதுப்பித்து விடுதி ஆக்க முடிகிறது. இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. போகாமல் இருந்தால் அந்த மருத்துவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவார் என்றும் நான் நம்பவில்லை.

பேச்சு விஷயம் கடுமையானது. 2021 ஜூலை 11-ஆம் தேதி நாடெங்கும் மக்கள் தெருவுக்கு வந்தபோது நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். சிலருக்கு நீண்ட தண்டனை. வீட்டுக்காரர் தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேச வைக்காதீர்கள், பதிவு செய்யாதீர்கள்.

இனி கைச்செலவு. அமெரிக்க வங்கிக் கார்டுகள் வேலை செய்யாது. மற்றவை சில நேரம் செய்யும். முழுப் பயணத்துக்கும் யூரோ ரொக்கம் கையில் வேண்டும். 2021 தொடக்கத்தில் இரட்டை நாணய முறையை ஒழித்து ஒரு டாலருக்கு 24 பெசோ என்று அரசு நிர்ணயித்தது. 2024-இல் தெரு விகிதம் 300-க்கு மேலே போனது. ஏடிஎம்மில் எடுத்தால் வங்கி விகிதத்தில்தான் வரும், அது தெரு விகிதத்தைவிடக் குறைவு. தெருவில் மாற்றுவதோ சட்டவிரோதம். அதனால் வீட்டு வாடகையை யூரோவாகவே நேராக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவதுதான் பலர் செய்வது. மருத்துவக் காப்பீடு 2010 முதல் கட்டாயம். மருந்தகங்களில் சாதாரண மாத்திரைகூடக் கிடைக்காத நிலை உண்டு. உங்களுக்குத் தேவையானதை எண்ணி எடுத்துப் போங்கள், கூடவே கொஞ்சம் அதிகமாக எடுத்துப் போய் தங்கும் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். சே படம் போட்ட பனியன் அங்கே யாருக்கும் தேவையில்லை, பாரசிட்டமால் தேவை.

மறைந்திருக்கும் பெரிய செலவு அமெரிக்காவிடம் இருக்கிறது. 2021 ஜனவரி 12-இல் கியூபாவைப் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலில் அமெரிக்கா மறுபடி சேர்த்தது. அந்தத் தேதிக்குப் பிறகு கியூபா போனவர்கள், பிரிட்டன், பிரான்ஸ், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், விசா இல்லாமல் 'எஸ்டா' அனுமதியோடு அமெரிக்கா போகும் வசதியை இழக்கிறார்கள். இனி நேர்காணலுக்குப் போய் முறையான விசா எடுக்க வேண்டும். அக்காவோ தம்பியோ நியூ ஜெர்சியில் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். அமெரிக்கக் குடிமக்களுக்குச் சுற்றுலா என்ற காரணமே செல்லாது. அனுமதிக்கப்பட்ட 12 வகைகளில் ஒன்றில் அடங்க வேண்டும்.

## வியட்நாம்

இங்கே மனசாட்சிக் கணக்கும் கைக்கணக்கும் ஓரளவு ஒத்துப் போகின்றன. 1986-இல் சந்தைக்கு வழிவிட்ட 'தோய் மோய்' சீர்திருத்தம் வந்தபின் தங்குமிடம், உணவு, பேருந்து, படகு எல்லாம் பெரும்பாலும் தனியார் கையில். ஹோய் ஆனில் தையல் கடைக்காரருக்கும், சா பாவில் வீட்டில் தங்க வைக்கும் ஹ்மோங் பழங்குடிக் குடும்பத்துக்கும் கொடுப்பது நேராக அவர்களுக்கே சேரும். நடுவில் முகவர் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நூற்றுக்கு நூறு விலகிப் போக முடியுமா என்றால், முடியாது. விமான நிலையத்தில் இறங்கியதும் நீங்கள் வாங்கப்போகும் வியட்டெல் சிம் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமான நிறுவனத்தினுடையது. ஹோ சி மின் நகரத்தின் பழம்பெரும் ஓட்டல்களான ரெக்ஸ், மஜெஸ்டிக், கான்டினென்டல் மூன்றும் அரசு நிறுவனமான சைகோன்டூரிஸ்ட் கையில். இதற்காகப் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தெருக்களில் இருக்கும் கலகலப்பைப் பார்த்து நாடு திறந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஏமாற்று. பத்திரிகையாளர் ஃபாம் தோவான் சாங் 2020 அக்டோபரில் கைதானார். 2021 டிசம்பரில் 9 ஆண்டு சிறைத்தண்டனை. ஃபேஸ்புக்கில் எழுதியதற்காகச் சிறைக்குப் போனவர்கள் பலர். பயணிக்கு இது கண்ணிலேயே படாது. அதனால்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும். மத்திய மலைப்பகுதியில் சிறுபான்மை இனத்தவர் ஊர்களுக்கு, குறிப்பாக அவர்களுடைய மத, நில விவகாரங்களைக் கிளறும் எண்ணத்தோடு, போகாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அவர்கள்தான் விசாரிக்கப்படுவார்கள்.

ஹனோயில் ஹோ சி மின்னின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மண்டபத்தில் வரிசையில் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: தன் உடலை எரித்துவிட வேண்டும் என்றுதான் அவர் எழுதி வைத்திருந்தார்.

நடைமுறையில் இதுதான் எளிது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் இ-விசா. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. அரசுத் தளம் போலவே தோற்றமளித்து இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் தளங்கள் நிறைய, முகவரியைச் சரிபாருங்கள். 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது 25 மடங்கு போய்விடும். மோட்டார் சைக்கிள்தான் பெரிய பொறி. 1968 வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கிய பன்னாட்டு ஓட்டுநர் உரிமம்தான் அங்கே செல்லும். 1949 உடன்படிக்கைப்படி வழங்கும் நாடுகள் பல இருக்கின்றன. அந்தப் புத்தகத்தைக் காட்டினால் வாடகைக் கடைக்காரர் வண்டி கொடுத்துவிடுவார், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்காது.

## சீனா

சீனப் பொருளாதாரத்தின் அளவில் உங்கள் ஒரு வார ஓட்டல் வாடகை கடலில் கரைத்த பெருங்காயம். அரசை வலுப்படுத்துகிறோம் என்ற கவலைக்கு இங்கே அவ்வளவு அர்த்தமில்லை. கையில் இருக்கும் போனிலேயே அங்கே செய்த பாகங்கள் இருக்கும். சீனாவில் ஒழுக்கக் கேள்வி "போகலாமா" என்பதைவிட "எங்கே போகலாம்" என்பதில்தான் இருக்கிறது.

ஷாங்காய், ஷியான், செங்து, யுன்னான், குவாங்சி போன்ற இடங்களுக்குப் போவதில் எனக்குத் தயக்கமில்லை. ஷின்ஜியாங் வேறு. அங்கே உய்குர் மக்களைக் கூட்டமாக அடைத்து வைத்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31-இல் அறிக்கை வெளியிட்டது. இப்போது அந்த மாநிலம் சுற்றுலாவுக்குத் தீவிரமாக விளம்பரம் செய்யப்படுகிறது. வெளிநாட்டவர் எடுக்கும் "எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி" வீடியோ அங்கே அரசுக்கு அறை வாடகையைவிட மதிப்புள்ளது. காஷ்கர் கடைவீதியில் நீங்கள் பேச்சுக் கொடுக்கும் ஒருவருக்கு அந்தப் பேச்சே ஆபத்து. நான் போக மாட்டேன். உறவினரோ ஆய்வோ காரணமாகப் போகிறவர்களின் கணக்கு வேறு.

திபெத்துக்குத் தனியாகப் போகவே முடியாது: அனுமதிச்சீட்டு, பதிவு பெற்ற நிறுவனம், கூடவே கைடு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெளிநாட்டவருக்கு மூடிவிடுவதும் வழக்கம். திபெத்திய கைடு ஒருவரைக் கேட்டு வாங்கினால் பணத்தில் ஒரு பகுதியாவது அந்த மண்ணில் நிற்கும். ஆனால் அவரிடம் தலாய் லாமா பற்றிக் கேட்காதீர்கள், படம் எதுவும் கொடுக்காதீர்கள். திபெத்தியப் பண்பாட்டைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் சிச்சுவான், சிங்ஹாய் மாநிலங்களின் திபெத்தியப் பகுதிகளுக்கு அந்தச் சீட்டு வேண்டாம்; அங்கே ஓரளவு சுதந்திரமாக நடக்கலாம்.

நடைமுறைத் தொல்லை முழுக்கப் போனில்தான். கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் அங்கே வராது. உள்ளூர் சிம்முக்குப் பதில் உங்கள் நாட்டுச் சிம்மின் ரோமிங்கோ பயண இ-சிம்மோ வைத்துக்கொண்டால் அவை பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் தரவு வெளிநாடு வழியாகப் போகிறது. பணம் கட்ட அலிபே அல்லது வீசாட் செயலி. 2023 முதல் வெளிநாட்டுக் கார்டை இணைப்பது எளிதாகிவிட்டது. 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3 சதவீதக் கட்டணம் போகும். இதையெல்லாம் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நிறுவிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே இறங்கிய பிறகு பதிவிறக்கம் செய்யலாம் என்று இருந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே பதிவார்கள்.

## லாவோஸ்

சின்ன நாடு, சிறு விடுதிகள், குடும்ப உணவகங்கள். பணம் நேராகச் சேருகிறது. 2022 தொடக்கத்திலிருந்து கிப் நாணயம் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்தது. அதனால்தான் உங்களுக்கு எல்லாம் மலிவாகத் தெரிகிறது. பேரம் பேசுமுன் அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அமைதியான நாடு என்ற தோற்றத்துக்குப் பின்னால் பயம் இருக்கிறது. மக்கள் மத்தியில் வேலை செய்த சோம்பாத் சோம்போன் 2012 டிசம்பர் 15-இல் தலைநகர் வியன்டியானில் போலீஸ் சாவடி ஒன்றில் நிறுத்தப்பட்டு, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டது கேமராவில் பதிவாகியிருக்கிறது. இன்றுவரை அவர் எங்கே என்று தெரியாது.

இங்கே போவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளை இந்நாட்டின் மீது போட்டது. வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் சிறு குண்டுகள் இன்னும் விவசாயிகளையும் குழந்தைகளையும் கொல்கின்றன. வியன்டியானில் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்யும் கோப் மையத்தில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுங்கள். குண்டு அதிகம் விழுந்த ஷியங் குவாங் மாகாணத்துப் பக்கம் போனால் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

பெரிய நோய் என்றால் எல்லை தாண்டி தாய்லாந்துக்குத்தான் போக வேண்டும். அவசர மருத்துவ இடமாற்றம் அடங்கிய காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். 2024 நவம்பரில் வாங் வியங்கில் மெத்தனால் கலந்த மதுவால் 6 வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாகத் தரும் சாராயத்தைத் தொடாதீர்கள்.

## வட கொரியா

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பேக்கேஜ் மட்டும், கைடுகள் கூடவே, முழுப்பணமும் அரசுக்கு, தெருவில் தனியாக ஒரு அடி வைக்க முடியாது. மேலே சொன்ன நான்கு அளவுகோல்களில் ஒன்றில்கூடத் தேறாத நாடு. "போய்ப் பார்த்தால்தானே உண்மை தெரியும்" என்பவர்களுக்கு: அங்கே போனால் உண்மை தெரியாது, ஒத்திகை பார்த்த காட்சி தெரியும்.

சுவரொட்டி ஒன்றைத் திருட முயன்றதாக 2016-இல் கைதான அமெரிக்க மாணவர் ஓட்டோ வார்ம்பியர் 15 ஆண்டு கடின உழைப்புத் தண்டனை பெற்று, 2017 ஜூனில் நினைவிழந்த நிலையில் வீடு திரும்பி, சில நாளில் இறந்தார். அவ்வாண்டு முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அங்கே போகத் தடை. மற்றவர்களுக்கும் 2011 மார்ச்சுக்குப் பிறகு போயிருந்தால் எஸ்டா வசதி போய்விடும். 2020-இல் மூடிய எல்லை மேற்கத்தியப் பயணிகளுக்கு 2025 பிப்ரவரியில் ராசோன் பகுதிக்கு மட்டும் திறந்து, சில வாரத்திலேயே மறுபடி மூடியது. முன்பணம் கட்டியவர்கள் கதியை யோசியுங்கள். ஆர்வம் அடங்கவில்லை என்றால் தென் கொரியாவின் எல்லைப் பகுதிச் சுற்றுலா, அல்லது சீனாவின் டான்டோங் நகரத்தில் யாலு ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்ப்பது, போதும்.

## எந்த நிலையில் எது

முதல்முறை, பெற்றோரும் குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் வியட்நாம். புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

ஒரு தேசத்தின் சோஷலிசப் பரிசோதனை என்ன ஆனது என்பதைப் பார்க்கத்தான் போகிறேன் என்பவருக்கு கியூபா. ஆனால் மின்சாரம், எரிபொருள், விமான சேவை நிலவரத்தை அந்த மாதம் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட். தங்குமிடத்தில் தண்ணீரே இல்லாதபோது நீங்கள் இன்னொரு வாய் என்ற நிலை வந்துவிடக்கூடாது. ரயிலும் வரலாறும் பிடிக்கும், போனோடு மல்லுக்கட்டத் தயார் என்றால் சீனா. கையில் நாட்கள் நிறைய, திட்டம் குறைவு என்றால் லாவோஸ். வியட்நாமோடு சேர்த்தும் பார்க்கலாம்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவே பயணத்தில் இருக்கும். டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டின்போது வியட்நாமில் கடைகள் பல மூடிக் கிடக்கும். கியூபாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் உச்சம். மார்ச், ஏப்ரலில் வட லாவோஸ் முழுக்க வயல்காடு எரிக்கும் புகை.

கடைசியாக, மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாத சிலர் உண்டு. பத்திரிகையாளர்கள், மனித உரிமை அமைப்புகளில் இருப்பவர்கள், அரசு அல்லது ராணுவ வேலையில் இருப்பவர்கள், அந்தந்த நாட்டிலேயே பிறந்து வேறு குடியுரிமை பெற்றவர்கள். இவர்களைச் சாதாரணப் பயணியாக அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். சுற்றுலா விசாவில் போய் பேட்டி எடுப்பது இந்த எல்லா நாடுகளிலும் குற்றமாகப் பார்க்கப்படும். பிறந்த நாட்டுக்குத் திரும்புகிறவரைச் சீனாவும் வியட்நாமும் கியூபாவும் தங்கள் குடிமகனாகவே நடத்தினால் உங்கள் தூதரகத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இந்த வகையில் நீங்கள் வந்தால், டிக்கெட் போடுமுன் உங்கள் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையைப் படித்துவிட்டு, வேலை செய்யும் இடத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.